நீலகிரியில் பழைய கார்: அசலும் கெடாமல், பிரேக்கும் கைவிடாமல்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 325 மீட்டர் உயரம். குன்னூர் 1,850 மீட்டர். நான்கு பேரும் அவர்கள் பைகளும் ஏறிய அம்பாசிடர் சுமார் 1,500 கிலோ இருக்கும். அவ்வளவு எடை 1,500 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 22 மெகாஜூல். 60 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அந்தச் சூட்டில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொண்டால் வண்டி பத்திரமாகக் கீழே வந்து சேரும். முழுவதையும் நான்கு பிரேக் டிரம்கள் தலையில் கட்டினால், வழியில் உள்ள பர்லியார் வருவதற்குள் பெடல் தரையைத் தொடும்.

அம்பாசிடர், ஃபியட் அல்லது பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற வண்டியை முதல்முறையாக வாங்கி, ஊட்டி, குன்னூர், கோத்தகிரி சாலைகளில் ஓட்ட நினைப்பவர்களுக்கு இந்த வழிகாட்டி. புதிதாக வருபவர்கள் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் “எல்லாம் அசல்தான்” என்று பெருமையாகச் சொல்லி, இருபது வருட ரப்பர் ஹோஸோடு மலை ஏறுகிறார்கள். சிலர் வாங்கிய வாரமே டிஸ்க் பிரேக், பவர் ஸ்டியரிங், அகல டயர் என்று எல்லாவற்றையும் மாற்றி, ஐம்பது வருடம் பிழைத்து வந்த வண்டியை ஆறு மாதத்தில் இல்லாமல் ஆக்கிவிடுகிறார்கள். தேய்ந்துபோன அசல் என்பது அசல் அல்ல. தொழிற்சாலையில் இருந்து வெளியே வந்த நாளில் அந்த பிரேக் எப்படிப் பிடித்ததோ, அப்படிப் பிடித்தால்தான் அது அசல்.

ஆகவே எந்த மாற்றத்துக்கும் முன் இந்த வரிசையில் கேட்டுக்கொள்ளுங்கள். இருக்கிற பாகம் தன் முழுத் திறனோடு வேலை செய்கிறதா? அதன் குறையை ஓட்டும் முறையால் ஈடுகட்ட முடியுமா? முடியாது, மாற்றியே ஆக வேண்டும் என்றால், துளை போடாமல், வெல்டிங் வைக்காமல், ஒரு ஸ்பானர் செட்டை வைத்துத் திரும்பப் பழையபடி ஆக்க முடியுமா? கழற்றிய பாகத்தை எண்ணெய் தடவி, துணி சுற்றி, எந்த வண்டி, எந்தப் பக்கம், எப்போது கழற்றியது என்று சீட்டு எழுதிக் கட்டி வையுங்கள். பழைய இரும்புக்குப் போட்டால் நூறு ரூபாய் கிடைக்கும் பாகம், பத்து வருடம் கழித்து எங்கே தேடினாலும் கிடைக்காது.

காகித வேலை

2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டியை ‘விண்டேஜ்’ வண்டியாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ எழுத்து வரும். அழகான பிளேட்தான். ஆனால் அந்தப் பதிவு உள்ள வண்டியை அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ எடுக்க முடியாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்ற அளவில்தான் சாலையில் வரலாம். வாரம் ஒருமுறை கோத்தகிரி சந்தைக்குப் போய்வர ஆசைப்படுபவர் சாதாரணப் பதிவையே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பித்து வைத்திருப்பது நல்லது.

எஞ்சினையோ பாடியையோ மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. வேலை முடிந்தபின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் போய் நிற்காமல், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வெளி மாவட்ட வண்டி என்றால் 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும்; கல்லாறு, குஞ்சப்பனை சோதனைச் சாவடிகளில் பார்ப்பார்கள். ரேடியேட்டர் தண்ணீரைப் பழைய மினரல் வாட்டர் பாட்டில்களில் கொண்டு வராதீர்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை இருக்கிறது. மூடி போட்ட எவர்சில்வர் தூக்கோ கெட்டியான கேனோ கொண்டு வாருங்கள்.

பிரேக்: முதலில் இது, அப்புறம்தான் மற்றதெல்லாம்

பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஒற்றை சர்க்யூட். பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கிளம்பும் ஒரே ஆயில் குழாய் நான்கு சக்கரத்துக்கும் பிரிகிறது. எங்கே ஒரு ரப்பர் வாஷர் கிழிந்தாலும் நான்கு பிரேக்கும் ஒன்றாகப் போய்விடும். மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே, வண்டி வாங்கியதும் பெயிண்டுக்கும் சீட் கவருக்கும் செலவழிப்பதற்கு முன் நான்கு டிரம்மையும் கழற்றிப் பார்க்க வேண்டும்.

1. சமதளத்தில் நிறுத்தி, ஒரு நிமிடம் பெடலை அழுத்தி அப்படியே வைத்திருங்கள். மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் வாஷர் போயிருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. பஞ்சு மாதிரி இருந்தால் குழாயில் காற்று. இரண்டு மூன்று முறை அமுக்கியபின்தான் கெட்டியாகிறது என்றால் ஷூவை (டிரம்முக்குள் உரசி நிறுத்தும் வளைந்த பாகம்) டைட் வைக்க வேண்டும்.

2. டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நகத்தால் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் ரப்பர் வாஷர் கிட் மாற்ற வேண்டும். சிலிண்டர் சுவரில் குழி விழுந்திருந்தால் கிட் மட்டும் போதாது. ஸ்லீவ் போட வேண்டும், இல்லையேல் சிலிண்டரையே மாற்ற வேண்டும். குழி விழுந்த சுவரில் போட்ட புது வாஷர் மூன்று மாதத்தில் கிழியும்.

3. ஷூவின் மேல் இருக்கும் உரசு பட்டைதான் லைனிங். ரிவெட் அடித்த லைனிங்கில் ரிவெட் தலை மேற்பரப்பிலிருந்து ஒரு மில்லிமீட்டராவது உள்ளே இருக்க வேண்டும். ஒட்டிய லைனிங் 1.5 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. லைனிங் கண்ணாடி மாதிரிப் பளபளத்தால் யாரோ அதைச் சுட்டுப் பொசுக்கியிருக்கிறார்கள்.

4. டிரம்மில் நீலத் திட்டு, விரிசல், விளிம்பில் மேடு இருக்கிறதா பாருங்கள். லேத்தில் கடைவதாக இருந்தால் ஒரே அச்சின் இரண்டு டிரம்மையும் ஒரே அளவுக்குக் கடைய வேண்டும். அசல் விட்டத்தைவிட 1.5 மில்லிமீட்டருக்கு மேல் பெரிதாகிவிட்டால் அந்த டிரம் மலைக்கு ஆகாது. உலோகம் மெலிந்தால் சூட்டைத் தாங்கும் சக்தியும் குறைந்துவிடும்.

5. கடைந்த டிரம்முக்கு ஷூவின் வளைவும் பொருந்த வேண்டும். பெரும்பாலான பட்டறைகளில் விட்டுப்போவது இதுதான். பொருந்தாத ஷூ நடுவில் மட்டும் உரசும். பிடிப்பு பாதிதான் இருக்கும், ஆனால் பெடலில் வித்தியாசம் தெரியாது. ஷூவில் சாக்கட்டி தேய்த்து, டிரம்மைப் போட்டுச் சுற்றிக் கழற்றிப் பார்த்தால் எங்கே தொடுகிறது என்று தெரிந்துவிடும்.

6. எல்லா ரப்பர் ஹோஸையும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கேள்வி கேட்காமல் மாற்றுங்கள். வெளியே பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே வீங்கி அடைத்திருக்கும். பெடலை விட்ட பிறகும் ஒரு சக்கரம் பிடித்துக்கொண்டே இருந்தால் பாதி நேரம் இதுதான் காரணம்.

இரும்புக் குழாயில் துரு இருந்தால் செம்பு-நிக்கல் கலவைக் குழாய் போடலாம். ஏ.சி. மெக்கானிக் வைத்திருக்கும் வெறும் செம்புக் குழாயை யாராவது போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதிர்வில் செம்பு கெட்டிப்பட்டு, முனையில் விரிசல் விடும்.

எல்லாம் மாட்டிய பிறகு ஏர் எடுக்க வேண்டும், அதாவது குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். வலது ஸ்டியரிங் வண்டியில் வழக்கமான வரிசை பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. அதற்காகச் சக்கரத்தில் மாட்டும் ஒளி ஊடுருவும் குழாயின் முனை எப்போதும் பிரேக் ஆயிலில் மூழ்கியிருக்கட்டும். வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள். மாஸ்டர் சிலிண்டர் காலடித் தட்டுக்குக் கீழே இருக்கும் வண்டிகளில் மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள். ஒரு மணல் துகள் போதும் வாஷரைக் கிழிக்க. ஷூ டைட் வைக்கும்போது சக்கரம் பூட்டும் வரை அட்ஜஸ்டரைத் திருகி, பெடலை ஒருமுறை அழுத்தி ஷூவை நடுவில் உட்காரவைத்து, பிறகு சக்கரம் சுதந்திரமாகச் சுற்றும் வரை பின்னுக்கு வாருங்கள். முன் சக்கரத்தில் இரண்டு அட்ஜஸ்டர் இருந்தால் இரண்டையும் செய்ய வேண்டும்.

பிரேக் ஆயில் விஷயத்தில் அசலைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் அர்த்தமே இல்லை. டாட் 3 தர ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரியில் கொதிக்கும். ஈரத்தை உறிஞ்சிய பிறகு 140 டிகிரிக்கு இறங்கலாம். டாட் 4-இல் இந்த எண்கள் 230, 155. ஊட்டியின் ஈரக் காற்றில் பிரேக் ஆயில் சீக்கிரம் ஈரம் வாங்கும். குழாய்க்குள் ஆயில் கொதித்தால் ஆவி சுருங்கும், ஆயில் சுருங்காது. பெடல் காற்றை மிதிப்பது போல இறங்குவது அதனால்தான். டாட் 4 ஊற்றி, வருடம் ஒருமுறை, அக்டோபர் மழைக்கு முன், முழுவதும் மாற்றுங்கள். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ இதோடு கலக்கவே கூடாது.

இவ்வளவும் செய்தபின் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து இருபது முப்பது முறை, இடைவெளி விட்டு, நிதானமாக நிறுத்திப் புது லைனிங்கைப் படியவிடுங்கள். அப்போது தெரியும், நல்ல டிரம் பிரேக் எவ்வளவு நன்றாக நிற்கும் என்று. டிஸ்க் மாற்றத்துக்குக் காசு எடுத்து வைத்திருந்த பலர் இந்தக் கட்டத்தில் மனம் மாறிவிடுவார்கள்.

ஒன்றே ஒன்றை மாற்றலாம் என்றால், இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டருக்கு மாறுங்கள். ஒரு பாதி போனாலும் இன்னொரு பாதி இருக்கும். வெளியே தெரியாது, திருப்பி மாற்றலாம். ஆனால் சிலிண்டர் விட்டம் அசலோடு ஒத்திருக்க வேண்டும். முக்கால் அங்குலம் இருந்த இடத்தில் ஏழு எட்டாம் அங்குலச் சிலிண்டர் வைத்தால் பரப்பு 36 சதவீதம் கூடும். அதே பிடிப்புக்கு 36 சதவீதம் அதிகமாக மிதிக்க வேண்டும். முன் டிஸ்க் வைத்தே தீருவேன் என்பவர்கள் டிரம், பேக் பிளேட், ஹப் அத்தனையையும் பத்திரப்படுத்துங்கள். வீல் ஆஃப்செட் (சக்கரம் உள்ளே வெளியே தள்ளி நிற்கும் அளவு) மாறி டயர் மட்கார்டில் உரசாமல் இருக்கிறதா, முன்-பின் பிடிப்பு சமமாக இருக்கிறதா என்று ஈரச் சாலையில் சோதித்த பிறகே மலைக்கு வாருங்கள். டிஸ்க்கோடு, மிதிக்கும் காலுக்கு உதவும் வாக்குவம் பூஸ்டர் வைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊட்டியில் காற்றழுத்தம் சமவெளியைவிட 20 சதவீதத்துக்கு மேல் குறைவு. பூஸ்டரைத் தள்ளுவது அந்த அழுத்தம்தான். கோயம்புத்தூரில் சோதித்த பெடல் ஊட்டியில் அதே மாதிரி இருக்காது.

டயர், ஸ்டியரிங்

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். ஷெட்டில் நின்ற வண்டியின் டயரில் பட்டன் (தரையைத் தொடும் வரிப்பள்ளம்) புதிதாகவே இருக்கும்; ரப்பர் செத்துப்போயிருக்கும். ஆறு வருடத்துக்கு மேல் ஆனால் சந்தேகப்படுங்கள், பத்து ஆனால் ஸ்டெப்னிக்குக்கூட வேண்டாம்.

அசல் கிராஸ்-பிளை டயர் (நூல் அடுக்குகள் குறுக்காகப் பின்னிய பழைய வகை) ஈரமான கொண்டை ஊசி வளைவில் இன்றைய ரேடியல் டயர் அளவுக்குப் பிடிக்காது. இதில் பாதுகாப்பின் பக்கம் போவதே சரி. டயர் எப்படியும் தேயும் பொருள்தான். அம்பாசிடரின் 5.90-15 என்பதில் 5.90 அங்குலம் என்பது 150 மில்லிமீட்டர். 165 அகலம், 80 விகிதம் உள்ள ரேடியல் தோற்றத்தையும் கெடுக்காது, ஸ்டியரிங்கையும் கனமாக்காது. 195, 205 என்று போனால் வளைவுகளில் கை வலிப்பதோடு பழைய ரிம்மும் கிங் பின்னும் (முன் சக்கரம் திரும்பும் அச்சாணி) அந்தப் பாரத்துக்கு ஆனவை அல்ல. ஒரே அச்சில் இரண்டு வகையைக் கலக்கக் கூடாது. இரண்டு டயருக்குத்தான் இப்போது காசு என்றால் ரேடியலைப் பின்னால் போடுங்கள். முன்னால் போட்டால் பின்பக்கம் வழுக்கி வண்டி சுற்றிக்கொள்ளும். பழைய ரிம்மில் டியூப் இல்லாமல் ஓட்ட வேண்டாம்.

கிரீஸ் நிப்பிள் எத்தனை என்று வண்டியின் கையேட்டைப் பார்த்து எண்ணி, ஒவ்வொன்றிலும் பழைய கிரீஸ் வெளியே வரும் வரை அடியுங்கள். மலையில் ஓடும் வண்டிக்கு 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை. சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங் பின் தேய்மானம் தெரியும். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால், சக்கரத்தைத் திருப்பும் டை ராடின் தேய்மானம்.

ஹெரால்டு வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை இருமுறை படியுங்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் டிரன்னியனுக்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது. 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் மரைக்குள் இறங்காது, ஈரத்தை வெளியேற்றாது. உள்ளே துருவேறி, ஒருநாள் மெதுவாகத் திரும்பும்போது உடைந்து சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். ஹெரால்டின் இன்னொரு குணம் பின் சக்கர ஸ்விங் ஆக்ஸில். வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரை முழுதாக விட்டாலோ பிரேக்கை மிதித்தாலோ பின்பக்கம் தூக்கி, சக்கரம் உள்நோக்கி மடிந்து, வண்டி வழுக்கும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்து, உள்ளே நுழைந்தபின் லேசாகக் கால் கொடுத்தபடியே வெளியே வர வேண்டும்.

சீட் பெல்ட்

1994-க்கு முந்திய பெரும்பாலான வண்டிகளில் பெல்ட் இல்லை. ஸ்டியரிங் தண்டு மடங்காத ஒரே கம்பி. மோதினால் நேராக நெஞ்சுக்கு வரும். அசலைக் காட்டி இதைத் தவிர்ப்பதை ஏற்கவே முடியாது. துளை போட வேண்டாம் என்ற விதியை உடைக்கத் தகுந்த ஒரே இடம் இது.

வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும். தரைத் தகட்டில் ஒரு வாஷரை வைத்து போல்ட் முடுக்கினால் அது பெல்ட் அல்ல. தகடு காகிதம் மாதிரிக் கிழிந்து வரும். ஏழு பதினாறாம் அங்குல யு.என்.எஃப். போல்ட், அடியில் 3 மில்லிமீட்டர் தடிப்பில் 75-க்கு 75 மில்லிமீட்டர் இரும்புத் தகடு, ஓரங்கள் மழுக்கி, துரு எதிர்ப்பு பூசி. தகடு நிற்கும் இடம் துருவேறியிருந்தால் முதலில் டிங்கரிங். மேல் முனை தூணில், தோளுக்கு மேலே இருக்க வேண்டும். தோளுக்குக் கீழே இருந்தால் மோதலில் முதுகெலும்பை அழுத்தும். சுருண்டுகொள்ளும் வகை பெல்ட்டில் ரீல் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று எழுதியிருக்கும். கோணம் தவறினால் ஏற்றத்தில் தானாகப் பூட்டிக்கொண்டு இழுக்க வராது. பெஞ்ச் சீட் வண்டிக்குச் சாதாரண நிலைப் பெல்ட்டே போதும், பார்க்கவும் காலத்துக்குப் பொருந்தும். இரண்டு கதவு வண்டியில் முன் இருக்கை முன்னால் மடியும் என்றால் அதற்கு ஒரு கொக்கிப் பூட்டு வையுங்கள். இல்லாவிட்டால் பின்னால் இருப்பவரின் எடையும் உங்கள் முதுகில் விழும்.

விளக்கும் மின்சாரமும்

லவ்டேல் பக்கம் மதியம் மூன்று மணிக்கே மூட்டம் இறங்கி எதிரே வரும் பஸ் தெரியாது. நீங்கள் பார்ப்பதைவிட உங்களைப் பிறர் பார்ப்பது முக்கியம். பின் கண்ணாடியின் உட்புறம், பார்சல் தட்டின் மேல் ஒரு சிறிய எல்.இ.டி. பிரேக் விளக்கைக் கிளிப்பில் மாட்டி, வயரைத் தரை விரிப்புக்கு அடியில் கொண்டுபோகலாம். கண்காட்சி நாளில் ஐந்து நிமிடத்தில் கழற்றிவிடலாம். கதவுத் தூணிலிருந்து கை மாதிரி வெளிவரும் பழைய சிக்னலை இன்றைய ஓட்டுநர்கள் யாரும் கவனிக்க மாட்டார்கள். அது அழகுக்கு வேலை செய்யட்டும், பம்பர் பிராக்கெட்டில் தனியாக மஞ்சள் இண்டிகேட்டரும் இருக்கட்டும்.

முன்விளக்கு மங்கினால் பல்பைக் குறை சொல்வதற்கு முன் மல்ட்டிமீட்டர் வையுங்கள். பேட்டரியில் 13.5 வோல்ட், பல்பில் 11.5 என்றால் பழைய ஸ்விட்சும் வயரும் இரண்டு வோல்ட்டைத் தின்கின்றன. வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இரண்டு ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து நேராக ஃபியூஸ் வழியே கொடுத்தால் 60/55 வாட் ஹாலோஜனே போதுமானது. 100 வாட் பல்ப் போட்டால் ஸ்விட்ச் உருகும். அசல் ரிஃப்ளெக்டருக்குள் எல்.இ.டி. பல்ப் போட்டால் ஒளி சிதறி, மூட்டத்தில் வெள்ளைச் சுவரைப் பார்த்து ஓட்டுகிற மாதிரி இருக்கும்.

பழைய வண்டிகளில் மின்சாரம் தரும் லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும், அதுவும் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது. முன்விளக்கு 10, வைப்பர் 3, பின்விளக்கும் மற்றவையும் 2 என்று சேர்த்தால் ஓடும்போது சமாளிக்கும். ஐடிலில் ஒன்றும் வராது. சீசன் நேரத்தில் குன்னூரில் ஒரு மணி நேரம் விளக்கோடு ஊர்ந்தால் பேட்டரிதான் எல்லாவற்றையும் சுமக்கும். ஆல்டர்னேட்டர் மாற்றுவது நியாயமான மாற்றம். பிராக்கெட்டோடு போல்ட்டில் முடியும் வேலை. பாசிட்டிவ் எர்த் வண்டியா, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எர்த் பக்கத்தைத் தெரிந்துகொள்ளாமல் இணைத்தால் ஆல்டர்னேட்டரின் டயோடு அந்த நொடியே போய்விடும். எதை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், பேட்டரி கட்-ஆஃப் ஸ்விட்ச் ஒன்று அவசியம். இரண்டே ஃபியூஸ் உள்ள வண்டியில் வயரிங் தீப்பிடிப்பதைத் தடுக்க அதுதான் வழி.

பெட்ரோல், சூடு, உயரம்

இன்று பங்க்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயஃப்ரம், கார்க் கேஸ்கெட் எல்லாவற்றையும் அது இளக்கும். சூடான சைலன்சர் மேனிஃபோல்டுக்கு மேலே பெட்ரோல் ஒழுகுவதைவிட மோசமான காட்சி பழைய காரில் இல்லை. எத்தனால் தாங்கும் ஆர்9 தர ஹோஸ் வாங்கி, தொட்டியிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ரப்பரையும் ஒரே நாளில் மாற்றுங்கள். பெட்ரோல் வாசனை வந்தால், காரணம் தெரியும் வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஒரு கிலோ தீயணைப்பான் ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில், சீட் போல்ட்டிலேயே மாட்டிய பிராக்கெட்டில் இருக்கட்டும். டிக்கியில் ஜாக்கிக்குக் கீழே கிடந்தால் பயனில்லை.

ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92–93 டிகிரியில் கொதிக்கும். அதனால் ரேடியேட்டர் மூடியின் ரப்பர் நன்றாக இருப்பது சமவெளியைவிட இங்கே முக்கியம். பாதிக்குப் பாதி கூலன்ட், உள்ளே அடைப்பில்லாத ரேடியேட்டர், கட்டை விரலால் அழுத்தினால் 12 மில்லிமீட்டர் இறங்கும் ஃபேன் பெல்ட்; இவை இருந்தால் அசல் அமைப்பே போதும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. மலைக்கு அது ஒத்துவராது. காலைக் குளிரில் எஞ்சின் சூடேறவே ஏறாது.

காற்றின் அடர்த்தி குறைவதால் ஊட்டியில் எஞ்சின் சக்தி ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். காற்றோடு சேரும் கலவையில் பெட்ரோல் அதிகமாகிக் கரும்புகை வரும். இரண்டு நாள் தங்க வருபவர்கள் கார்புரேட்டரில் கை வைக்காதீர்கள். இங்கேயே வாழும் வண்டிக்கு மட்டும், எஸ்.யு. கார்புரேட்டரானால் அடியில் உள்ள நட்டை அதன் ஆறு பக்கங்களில் ஒரு பக்க அளவு, ஒருபோதும் இரண்டுக்கு மேல் வேண்டாம், மேல்நோக்கித் திருகிப் பெட்ரோலைக் குறைக்கலாம். கோயம்புத்தூருக்கு இறங்கும்போது பழைய நிலைக்குக் கொண்டுவர மறக்கக் கூடாது. பெட்ரோல் குறைவாக, நெடுஞ்சாலை வேகத்தில் ஓடினால் வால்வு கருகும். ஏற்றத்தில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றால், சமமான இடத்தில் ஒதுங்கி, பம்ப்பின் மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள்.

மலையில் முதல் நாள்

ஊட்டியில் இருப்பவர்கள் முதலில் குன்னூர் வரை மட்டும் போய்வாருங்கள். சுமார் 400 மீட்டர் இறக்கம், பழக ஏற்றது. அது சரியாக வந்த பிறகு மேட்டுப்பாளையம். கோடை சீசனில் குன்னூர் வழி ஏற்றம், கோத்தகிரி வழி இறக்கம் என்று ஒருவழியாக்குவது வழக்கம் என்பதால், வார நாளில் விடிகாலையில் கிளம்புங்கள். மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடும் உண்டு. டிரம் பிரேக் வண்டிக்கு அந்த இறக்கம் வேண்டாம். கூடலூர் போக நடுவட்டம் வழி இருக்கிறது.

இறக்கம் தொடங்கும் முன்பே, வண்டி மெதுவாக இருக்கும்போது செகண்ட் கியருக்கு வந்துவிடுங்கள். இந்த வண்டிகளில் ஃபர்ஸ்ட் கியருக்கு சின்க்ரோ (ஓடும்போதே கியர் சத்தமில்லாமல் விழ உதவும் அமைப்பு) இல்லை. வேகம் ஏறியபின் அதைத் தேடினால் கடகடவென்று சத்தம் வரும், கியர் விழாது, வண்டி நியூட்ரலில் பாயும். செகண்டில் 25–30 கிலோமீட்டர் வேகம். அதைத் தாண்டினால் பிரேக்கை உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்து, காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். லேசாகக் கால் வைத்துக்கொண்டே வருவதுதான் டிரம்மை எரிக்கும்; சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங்கும் வழுக்க ஆரம்பிக்கும். பின்னால் ஹாரன் அடிப்பவருக்கு அகலமான இடத்தில் ஒதுங்கி வழிவிடுங்கள். ஏறி வருபவருக்கே முன்னுரிமை. எஞ்சினை அணைத்து பெட்ரோல் மிச்சப்படுத்தும் பேச்சே கூடாது.

கருகல் வாசனை வந்தாலோ பெடல் வழக்கத்தைவிட இறங்கினாலோ உடனே ஒதுங்க வேண்டும். சூடான டிரம்மில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்காதீர்கள். ஆறும்போது டிரம் சுருங்கி ஷூவைக் கவ்விக்கொள்ளும், வளையவும் செய்யும். மூக்கு கீழ்நோக்கி இருந்தால் ரிவர்ஸ் கியர், மேல்நோக்கி இருந்தால் ஃபர்ஸ்ட், முன் சக்கரத்தை மலைச்சுவர்ப் பக்கம் திருப்பி, இரண்டு மரக்கட்டை. கட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள். சாலையில் கல் தேடி வைத்துவிட்டு அப்படியே விட்டுப் போனால் பின்னால் வரும் பைக்காரர் விழுவார். டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது, விரிசல் விடும். குறைந்தது இருபது நிமிடம் காற்றில் ஆறட்டும்.

பெடல் முற்றிலும் போய்விட்டால், வேகமாக நாலைந்து முறை அடித்துப் பாருங்கள். ஷூ விலகியிருந்தால் பெடல் கொஞ்சம் எழும். கூடவே ஹேண்ட் பிரேக்கை, பட்டனை அழுத்திப் பிடித்தபடி, இழுத்து இழுத்து விடுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின் சக்கரம் பூட்டி வண்டி சுற்றும். செகண்டில் இருந்தால் அந்த கியரை விடாதீர்கள். அப்படியும் நிற்காவிட்டால் மலைச்சுவர்ப் பக்கத்து ஓடையில் சக்கரத்தை இறக்கி, மண்சுவரில் பக்கவாட்டில் உரசி நிறுத்துங்கள். மட்கார்டு போகும். டிங்கரிங்கில் சரியாகும்.

கல்லாறு வந்ததும் ஓரமாக நிறுத்தி, ஒவ்வொரு சக்கரமாகப் போய், டிரம்முக்கு அருகே, தொடாமல், புறங்கையை நீட்டிப் பாருங்கள். கடையில் கிடைக்கும் அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது. முன் இரண்டும் ஏறக்குறைய ஒரே சூடு, பின் இரண்டும் அதைவிடக் குறைவாக, தங்களுக்குள் ஒரே சூடு என்றால் நான்கும் வேலை செய்கின்றன. ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அது விடாமல் பிடிக்கிறது: ஹோஸ், வீல் சிலிண்டர், ரிட்டர்ன் ஸ்பிரிங் பாருங்கள். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது பிடிக்கவே இல்லை. மற்ற மூன்றும் அதன் வேலையையும் சேர்த்துச் செய்திருக்கின்றன. தேதி, கிலோமீட்டர், நான்கு எண்கள் ஆகியவற்றை ஆர்.சி.யோடு இருக்கும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டறைக்குப் போனதும் முதலில் கழற்ற வேண்டிய சக்கரம் எது என்று அதில் இருக்கும்.